பிரிவு

இந்த ஊரில் பிரிவு என்றால் வசூல்.
பொள்ளாச்சியிலிருந்து சித்தி ஃபோனில் கேட்டாள்:
"பிரிவுக்குப் போறேன் பிரிவுக்குப் போறேங்கறயே,
நித்தமும் யாரெப் பிரியறே கண்ணு?"

கூட்டுறவு வங்கி, தினசரிச் சேமிப்பு.
தோளில் பை, கையில் சீட்டு துப்பும் கறுப்பு எந்திரம்.
கொழிஞ்சாம்பாறை வண்டி
ஸ்டேடியம் ஸ்டாண்டில் என்னை உதறிவிட்டுப் போகும்.
அங்கிருந்து நடை.
பாலக்காட்டில் வெயிலுக்கும் காற்றுக்கும் பங்காளிச் சண்டை,
நடுவே குடை பிடிப்பவளை யாரும் கேட்பதில்லை.

முதல் மாதம் கடைவீதியில் ஆட்களே இல்லை எனக்கு.
எண்கள்தான்.
நூற்றிப் பதினேழு, ஐம்பது ரூபாய்.
நூற்றி நாற்பது, 'நாளெ'.
நூற்றி நாற்பத்தொன்று, நிமிராமல் நீட்டும் கை.

பிறகு பைக்குள் மூக்கு பழகியது.
காயம் மணக்கிற நூறு, காசிம் ராவுத்தர்.
ஈரப் பத்து, இளநீர் வெட்டும் சுலைகா.
எட்டாய் மடித்த இருபது, வளையல்கடை ஷைலஜா:
அதைப் பிரிக்க ஒரு நிமிடம் ஆகும்,
வீட்டுக்காரனுக்குத் தெரியாத கணக்கு,
சீட்டைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டாள்,
என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவாள், அதுதான் ரசீது.

ராவுத்தர் என்னோடு தமிழ், வாங்க வருகிறவரோடு மலையாளம்,
தராசோடு பேசும்போது இரண்டுமில்லை,
உதடு மட்டும் அசையும்.

பக்கெட் கடை தங்கப்பன். பாய்க்கடை சுகுமாரன்.
உடன்பிறந்தவர்கள், நடுவில் பிளைவுட்.
அப்பா காலத்துப் பெயர்ப்பலகையை ரம்பத்தால் அறுத்து
ஒருவர் தலைக்குமேல் 'ஸ்ரீமுருகா',
மற்றவர் தலைக்குமேல் 'ஸ்டோர்ஸ்'.
"அப்புறத்து எத்ரயா?" குரலைத் தாழ்த்தி இருவரும் கேட்பார்கள்.
சொல்லக்கூடாது, வங்கி விதி.
இருவரும் நூறுதான்.
சொன்னால் பலகை ஒட்டிக்கொள்ளுமோ
இன்னும் சிறிதாய் அறுபடுமோ,
விதி இருப்பதும் நல்லதுக்கே.

நூற்றி நாற்பது, பூட்டுக்கடை குரியாக்கோஸ்.
கணக்குத் தொடங்க நூறு கட்டியதோடு சரி.
ஏழு மாதமாய் நாளெ.
சிலநாள் முகம் சுளித்து, சிலநாள் சிரித்து,
ஒருநாள் வாயில் ஆணி இருந்ததால் கைவிரலால்.
பூஜ்யத்துக்கு எந்திரம் சீட்டு தராது.
ஆனாலும் அவர் வாசலைத் தாண்டிப் போனால்
அன்றைய நடையில் எங்கோ ஒரு படி குறைந்த மாதிரி இருக்கும்.

கர்க்கடகத்தில் மூன்று நாள் காய்ச்சல்.
நாலாம் நாள் போனபோது
தங்கப்பன் முன்னூறு எடுத்து வைத்திருந்தார்.
சுகுமாரனும்.
சுலைகா கத்தியைக் காற்றில் ஆட்டினாள்:
"நீ வராம என் முப்பதும் அயிலையாப் போச்சு!"
ராவுத்தர் சுக்கு எடுத்தார்,
சும்மா தருவதையும் எடை போட்டே தந்தார்,
ஐம்பது கிராம், முள் நடுவில் நிற்கும்வரை விடவில்லை.
நூற்றி நாற்பத்தொன்று இன்னும் நிமிரவில்லை.

குரியாக்கோஸ் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.
"மூணு நாள் ஆளைக் காணோம்.
நான் நாளென்னு யார்கிட்டச் சொல்ல?"
சொல்லிக்கொண்டே என் பையைத் திருப்பினார்.
ஜிப்பில் ஊக்கு மாட்டியிருந்தேன்.
வீதி முழுதின் பணமும் ஒரு ஊக்கில்.
ஒன்றும் சொல்லவில்லை.
கட்டைவிரல் அளவில் பித்தளைப் பூட்டு ஒன்று தேடி
ஜிப்பின் இரு வளையத்திலும் கோத்து அமுக்கினார்.
கிளிக்.
சாவி இரண்டு. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.
மற்றதைத் தன் பின்சுவர் ஆணியில் மாட்டி,
சாக்பீஸால் பக்கத்தில் எழுதினார்.
என் பெயரை அல்ல, 'பிரிவு' என்று, மலையாளத்தில்.

"எவ்வளவு?" என்றேன்.

திரும்பிப் பார்க்காமல் சொன்னார்,
"நாளெ."